மேகலா ஒரு சத்தம் போடலீங்க

இந்தப் பையக் கொஞ்சம் அக்கட்டால நகத்திக்கறேன் அம்மிணி, கால் நீட்டிக்கங்க. பிளாஸ்க்குல சுடுதண்ணி இருக்குது, சாஞ்சா ஒழுகிப்போடும். இது திருப்பூர்தானுங்களே போகுது? கண்டக்டர்கிட்டக் கேட்டுட்டுத்தான் ஏறுனேன். இருந்தாலும் இன்னொருத்தர் வாயால கேட்டாத்தான் எனக்கு மனசு நிக்கும்.

மருமகளுக்கு வலி வந்துருச்சுங்க. காலையில எட்டு மணிக்குப் பையன் போன் பண்ணுனான். ரெண்டாவது இது. மூத்தது பொம்பளப் புள்ள, மூணு வயசாச்சு.

சந்தோசந்தானுங்க, சந்தோசமில்லாம என்ன. மூஞ்சி அப்படியா இருக்குது? நீங்களே கண்டுபுடிச்சுட்டீங்களே. பயமா இருக்குதுங்க. அவளுக்கு ஏதாவது ஆயிருமோங்கற பயமில்ல, பெரிய ஆஸ்பத்திரி, பாத்துக்குவாங்க. நான் போயி அவ பக்கத்துல நிக்கோணும். என்னத்தான் வரச் சொல்லியிருக்கறா. அதுதான் பயம்.

நீங்களும் திருப்பூர் வரைக்குந்தானே? அப்பச் சொல்றேன். மனசுல வெச்சுட்டே போனா அங்க போயி கால் ஓடாது எனக்கு.

காங்கேயத்துல தேங்காய்க் களம் இருக்குதில்லீங்க, அங்கதான் இருபது வருசமா வேலை எனக்கு. தேங்காய ஒடச்சு வெயில்ல போட்டு, பருப்ப நோண்டி எடுக்கறது. பதினாலு பொம்பளைங்க ஒட்டுக்கா உக்காந்து நோண்டுவோம். கைக்கு வேலை இருக்குமே தவிர வாய்க்கு வேலை இருக்காது. அந்த வாய்க்கு வேலை குடுத்தது நாந்தான்.

எனக்குப் படிப்பு ரெண்டாப்பு. ஆனா காது நல்ல காதுங்க. ஒருத்தர் பேசறத ஒருக்காக் கேட்டாப் போதும், அப்படியே எடுத்துருவேன். களத்துக்காரர் கனைக்கறதப் பண்ணுவேன், அவரு சம்சாரம் போன்ல பேசறதப் பண்ணுவேன். ஆனா எல்லாரும் கேட்டு வாங்கறது என்னன்னா, பிரசவம். எங்க பக்கம் யாருக்குப் பிரசவம்னாலும் கூட இருக்கறதுக்கு என்னத்தான் கூப்புடுவாங்க. பழனாத்தா தைரியமானவ, மயக்கம் போட்டு உழுக மாட்டான்னு. நான் போயி ராத்திரி பகல்னு பாக்காம கூட இருப்பேன், காப்பித்தண்ணி வாங்கிக் குடுப்பேன், துணி அலசுவேன். அதெல்லாம் ஒரு கொறை சொல்ல முடியாது. அடுத்த நாள் களத்துக்கு வந்து, அவ எப்படிக் கத்துனான்னு பண்ணிக் காட்டுவேன்.

ராசாமணின்னு ஒருத்தி. ஒவ்வொரு வலிக்கும் ஒரு சாமி. சிவன்மலையாண்டவா, சென்னிமலையாண்டவா, பழனியாண்டவான்னு கூப்புட்டுட்டே வந்தா. மத்தியானத்துக்கு மேல சாமியெல்லாம் தீந்துபோயி, டாக்டரம்மா பேரச் சொல்லிக் கும்புட ஆரம்பிச்சுட்டா. எங்க களத்துச் சரசாளோட மக இருக்கறாளே, அவ புருசனத் திட்டுனா. 'ஏண்டா, நான் இங்க சாகறேன், நீ வெளிய நின்னு பன்னு திங்கறயாடா'ன்னு. நான் எட்டிப் பாத்தா அவன் நெசமாவே பன்னுதான் தின்னுட்டு நிக்கறான். அப்பறம் எங்க கூட நோண்டற தெய்வானை. அவ சொன்னதுதான் எல்லாத்துக்கும் மேல. 'என்ன ஊட்டுக்குக் கூட்டீட்டுப் போயிருங்க, நான் நாளைக்கு வந்து பெத்துக்கறேன்'னு.

பாத்தீங்களா, நீங்களே சிரிச்சுட்டீங்க. களத்துல உருண்டு உருண்டு சிரிப்பாங்க. தெய்வானையும் ஒட்டுக்கா உக்காந்து சிரிப்பா. யாரும் வருத்தப்பட்டதில்லீங்க. நான் பாத்து யாரும் வருத்தப்பட்டதில்ல.

என்ற மருமக மேகலா தாயில்லாத புள்ள. ஒம்பது வயசுலயே அவிங்கம்மா போயிட்டாங்க, அப்பனும் அண்ணனுந்தான். கல்யாணம் பேசறப்பவே நான் அவிங்கப்பன்கிட்டச் சொல்லிட்டேன், மொதப் பிரசவம் பொறந்த ஊட்டு மொறைன்னு நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க, தாய்க்குத் தாயா நான் பாத்துக்கறேன்னு. அந்த மனுசன் துண்ட எடுத்துக் கண்ணத் தொடச்சாரு.

மூத்தது வயித்துல இருக்கறப்ப, அவளுக்கு ஆறாம் மாசம். எனக்குச் சோறு கொண்டுட்டு வந்தவ களத்து நெழல்ல உக்காந்தா. நான் அன்னைக்குப் பாத்து ராசாமணியப் பண்ணிட்டு இருந்தேன். எல்லாரும் சிரிக்கறாங்க, இவளும் வாயப் பொத்திட்டுச் சிரிக்கறா. சிரிச்சு முடிச்சுட்டு மெதுவாக் கேட்டா, 'ஏனுங்கத்தை, சத்தம் போடாம யாருமே பெத்ததில்லீங்களா?'

நான் சொன்னேன், 'ஏனில்ல, நான் இருக்கறேனே. மோகன்ராஜப் பெக்கறப்ப என்ற வாயிலிருந்து ஒரு சத்தம் வரல. பக்கத்து ஊட்டுக்காரிக்கு, கொழந்த அழுத பொறவுதான் வெசயமே தெரியும்.'

களத்துல எல்லாரும் என்னப் பெருமையாப் பாத்தாங்க. மேகலாவும் பாத்தா. அவ பார்வை கொஞ்சம் வேற மாதிரி இருந்துச்சு, நான் அத அப்பக் கவனிக்கல.

வலி வந்தது ஒரு வியாழக்கெழமை காலையில ஏழு மணிக்கு. காங்கேயத்துலயே ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். பேரு வேண்டாமுங்க, அவிங்க மேல தப்பில்ல. கூட ஒரு பொம்பளையத்தான் விடுவாங்க. வேற யாரு, நான் போனேன். 

அந்த ரூம்ல ரெண்டு கட்டலு. இந்தப் பக்கம் மேகலா. அந்தப் பக்கம் வெள்ளகோயில்காரப் புள்ள ஒண்ணு. அந்தப் புள்ள வந்ததுலருந்து கத்தல். 'அம்மா என்னால முடியல, எம்பட இடுப்பக் கழட்டி வெச்சுருங்க'ன்னு. அவ கத்துனா நர்சு ஓடி வரும், முதுகத் தேச்சு விடும், 'மூச்சு விடுங்க கண்ணு, நானிருக்கறேன்'னு கையப் புடிச்சுக்கும். டாக்டரம்மா ரெண்டு தடவ வந்து பாத்தாங்க.

எங்ககிட்ட ஒருத்தரும் வரல. என்னத்துக்கு வருவாங்க, நாங்கதான் சத்தமே போடலியே.

பதினோரு மணி இருக்கும். நர்சு வந்து மேகலாவக் கேட்டுச்சு, 'வலி எப்படிங்க இருக்குது, ஒண்ணுலருந்து பத்து வரைக்கும் ஒரு நம்பர் சொல்லுங்க, பத்துன்னா தாங்கவே முடியாதது'ன்னு. மேகலா நர்சப் பாக்கல. என்னப் பாத்தா. பாத்துட்டு, 'மூணு'ன்னா.

நர்சு சீட்டுல மூணுன்னு எழுதிட்டுப் போயிருச்சு.

எனக்கு நெம்பப் பெருமையா இருந்துச்சுங்க. நெத்தியில வேர்வ ஊத்துது, கட்டலு கம்பியப் புடிச்ச கை வெள்ளையா இருக்குது, இருந்தும் மூணுங்கறா. என்ற மருமகடான்னு நெனச்சேன். அது மட்டும் இல்லீங்க. சொல்றதுக்குக் கூச்சமா இருக்குது. அந்த வெள்ளகோயில்காரப் புள்ள கத்தறத நான் மனசுல ஏத்திக்கிட்டே இருந்தேன். இடுப்பக் கழட்டி வெச்சுருங்கன்னாளே, அது களத்துல நல்லா எடுக்கும்னு. எனக்கே தெரியாம ஒரு சிரிப்பு வந்துருச்சு. திரும்பிப் பாத்தா மேகலா என்ற மூஞ்சியவே பாத்துட்டு இருக்கறா. சேலத் தலைப்ப எடுத்து வாயில வெச்சுக் கடிச்சுக்கிட்டா.

ரெண்டு மணிக்கு அந்த நர்சு மறுபடி வந்துச்சு. நல்ல புள்ளைங்க, இருபத்திரெண்டு வயசிருக்கும். என்னக் கதவுகிட்டக் கூப்புட்டு, 'அம்மா, அந்தப் பக்கத்துக் கட்டலுக்காரங்களுக்கு முதுகுல ஊசி போடறாங்க, வலி கொறைஞ்சுரும். உங்க மருமகளுக்கும் வேணும்னா டாக்டர்கிட்டச் சொல்றேன், மயக்க டாக்டரு இப்ப இங்கதான் இருக்கறாரு'ன்னுச்சு.

நான் ஒரு நிமிசம் யோசன பண்ணல. 'அவளுக்கு வேண்டாங்கண்ணு, அவ தாங்கிக்குவா, ஒரு சத்தம் போட்டாளா பாரு'ன்னேன். முதுகுல ஊசி போட்டா காலம் பூரா இடுப்பு வலிக்கும்னும் களத்துல பேசிக்குவாங்க. அதையுஞ் சொன்னேன். ஆனா அதுக்காக வேண்டாம்னு சொல்லலீங்க. ஊசி போட்டுட்டுப் பெத்தான்னா நாளைக்கு நான் களத்துல என்னத்தப் பெருமையாச் சொல்லுவேன்? அதுக்குத்தான் சொன்னேன். மேகலாவ ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். எட்டடி தூரத்துல படுத்திருக்கறா. கேக்கல.

சாயந்தரம் அஞ்சரைக்குக் கொழந்த பொறந்துச்சு. அது வரைக்கும் ஒரு சத்தம் போடலீங்க அவ. டாக்டரம்மாவே சொன்னாங்க, இந்த மாதிரிப் பொண்ண நான் பாத்ததே இல்லீன்னு.

நான் ஒரு வாரம் களத்துல தரையில நிக்கல. என்ற மருமக, என்ற மருமகன்னு. ராசாமணி மூஞ்சியத் திருப்பிக்கிட்டா.

ஊட்டுல மேகலா மேல இருக்கற காத்தாடியப் பாத்துட்டுப் படுத்திருந்தா. அது சுத்தாதப்பவும் பாத்துட்டு இருந்தா. கொழந்த அழுதா, 'பால் குடு சாமி'ன்னு நான் சொல்லோணும், அப்பறந்தான் எடுப்பா. அடுத்த ஊட்டுக் கொழந்தைக்குக் குடுக்கற மாதிரி குடுத்துட்டுக் கீழ வெச்சுருவா. பேரு என்ன வெக்கலாம்னு மோகன்ராஜ் கேட்டான். 'உங்க இஷ்டம்'னா. நான் கண்ணுபட்டுருச்சுன்னு நெனச்சேனுங்க. களத்துல அத்தன பேர் முன்னால பேசுனேனில்ல, அதனால. மொளகா சுத்திப் போட்டேன். மந்திரிச்சு திண்ணூறு வாங்கியாந்து பூசுனேன். அவ எதுக்கும் வேண்டாம்னு சொல்லல. உக்காருன்னா உக்காந்தா.

பதினஞ்சாம் நாள் தலைக்குத் தண்ணி ஊத்திட்டு இருந்தேன். வாயக் கொப்புளிச்சுத் துப்புனா, கையில ஒரு துண்டுப் பல்லு. கடவாப்பல்லு. 'கல்லு ஏதாச்சும் கடிச்சயா சாமி'ன்னு பதறிப்போயிக் கேட்டேன். 'இல்லீங்க அத்தை, அன்னைக்கே ஒடஞ்சது. இன்னைக்குத்தான் உழுந்துச்சு'ன்னா. அவ்வளவுதான் சொன்னா. சொல்லிட்டு, தண்ணி ஊத்துங்கன்னு குனிஞ்சு உக்காந்துக்கிட்டா.

நான் ஊத்துனேன்.

மூணாம் மாசம் திருப்பூருக்குக் குடி போயிட்டாங்க. மோகன்ராஜுக்குப் பனியன் கம்பெனியில நல்ல வேலை கெடச்சிருந்துச்சு. காங்கேயத்துலருந்து தெனமும் எத்தனையோ பேரு பஸ்ஸுல போயிட்டு வர்றாங்க. அவன் அலைச்சலுன்னு சொன்னான். அலைச்சல்தானுங்களே.

இது எந்த ஊரு, படியூரா? அப்ப இன்னும் நேரமிருக்குது.

ரெண்டு மாசத்துக்கு முன்னால போயிருந்தேன். அவளுக்கு ஏழு மாசம் அப்ப. மோகன்ராஜ் வேலைக்குப் போயிட்டான், பேத்தி தூங்கறா. மேகலா அவரைக்கா நறுக்கிட்டு இருந்தா. நறுக்கிட்டே சொன்னா, 'அத்தை, இந்த ஆஸ்பத்திரி டாக்டரம்மா மொதப் பிரசவம் எப்படி இருந்துச்சுன்னு கேட்டாங்க. அரை மணி நேரம் அழுதேன். அவிங்க பேனாவ மூடி வெச்சுட்டுச் சும்மா உக்காந்திருந்தாங்க. வெளிய அத்தன பேரு காத்துட்டு இருக்கறாங்க, அவசரப்படுத்தவே இல்ல.'

நான் பேத்திக்குப் போர்வைய இழுத்து விட்டேன்.

'வலி தாங்கறதுல ஒரு பெருமையும் இல்ல, ஊசி வேணும்னாக் கேளுங்க, எப்பக் கேட்டாலும் போடறோம்னு சீட்டுலயே எழுதிட்டாங்க. பக்கத்துல யாரு இருந்தா உங்களுக்கு நல்லா இருக்கும்னு கேட்டாங்க. அங்க புருசனையும் உள்ள விடுவாங்களாம்.'

'மோகன்ராஜையே இருக்கச் சொல்லு சாமி'ன்னேன்.

'அவரும் இருக்கட்டும். நீங்க வரோணும்'னா.

எனக்கு மனசு குளுந்து போச்சுங்க. ஒரு நிமிசந்தான். புள்ள எல்லாத்தையும் மறந்துட்டா, என்ன மன்னிச்சுட்டான்னு நெனச்சேன். அவ கத்தியக் கீழ வெச்சா. 'நான் இந்தத் தடவ கத்தப் போறேன் அத்தை. என்ன வருதோ அதச் சொல்லிக் கத்தப் போறேன். நீங்க பக்கத்துல நின்னு அதக் கேக்கோணும். அதுக்குத்தான் கூப்புடறேன்'னா.

அவ கோவமாச் சொல்லலீங்க. அவரைக்கா நாலு குடுத்து நறுக்குங்கங்கற மாதிரிதான் சொன்னா.

நான் அப்பத்தான் சொன்னேன், 'அன்னைக்கு ஊசி வேண்டாம்னு சொன்னது நாந்தான் சாமி.'

'காதுல உழுந்துச்சுங்க.'

'அப்ப நீ ஏன் வேணும்னு கேக்கல?'

'நீங்கதான் ஒரு சத்தம் போடாம இவரப் பெத்தவங்களாச்சே. உங்க முன்னால நான் எப்படிக் கேப்பேன்?'

அந்த எடத்துல நான் சொல்லியிருக்கோணும். வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லாம அவரைக்காய எடுத்து நறுக்க ஆரம்பிச்சுட்டேன்.

என்னன்னு கேக்கறீங்களா? உங்ககிட்டத்தான் மொத மொதலாச் சொல்றேன் அம்மிணி. நீங்க எறங்கிப் போயிருவீங்க, நானும் எறங்கிப் போயிருவேன்.

நான் கத்துனேனுங்க. மோகன்ராஜப் பெக்கறப்ப ஒரு பகல் பூராக் கத்துனேன். என்ற மாமியா ஈரத் துண்டச் சுருட்டி வாயில திணிச்சா, 'ஊரே கேக்குதடி, மானம் போகுது'ன்னு. துண்டத் துப்பிட்டுக் கத்துனேன். மூணு நாளைக்குக் கொரலு வரல எனக்கு. அந்த 'நாளைக்கு வந்து பெத்துக்கறேன்' இருக்குதே, அது தெய்வானை சொன்னதில்லீங்க. தெய்வானை பாவம், அவ ரெண்டு தடவ முனகுனதோட சரி. அது நான் சொன்னது. அதுக்கப்பறம் ஒரு வருசம், கொழாயடிக்குத் தண்ணிக்குப் போனா எவளாச்சும் ஒருத்தி, 'என்ன பழனாத்தா, கொடம் கனக்குதா, நாளைக்கு வந்து தூக்கிக்கறயா?'ம்பா. எல்லாரும் சிரிப்பாங்க. நானும் சிரிப்பேன், வேற என்ன பண்றது. அப்பறம் அந்த ஊரே வேண்டாம்னு காங்கேயத்துக்குக் குடி வந்துட்டோம். இங்க யாருக்கும் தெரியாது.

இன்னைக்குப் போயி அவகிட்டச் சொல்லீரோணும்னுதான் கெளம்புனேன். ஆனா வலியில இருக்கறப்பப் போயி எப்படிச் சொல்றது? புள்ள பெத்த பொறவு சொல்லி என்ன பிரயோசனம்? மறுபடியும் அவ என்ற மூஞ்சியப் பாத்துட்டு மூணுன்னு சொல்லிட்டா? கத்தறேன்னு சொன்னவதான், இல்லீங்கல. ஆனா வலி வந்ததும் நான் கதவுல வந்து நின்னா, வாய் தன்னால மூடிக்கிச்சுன்னா? அதுதானுங்க பயம்.

இருங்க, போன் அடிக்குது. அவந்தான். இத எந்தப் பக்கம் இழுக்கோணும், கொஞ்சம் இழுத்து விடுங்களே.

அலோ. ஆமாண்டா, படியூரத் தாண்டிட்டேன். ஊசி போட்டாங்களா? இன்னும் கேக்கலியா? ஏன் கேக்கல? என்னது, நான் வரட்டும்ங்கறாளா? பல்லக் கடிச்சுட்டு இருக்கறாளா?

டேய், போன அவ காதுல வெய்யி. எனக்குத் தெரியும்டா நர்சு திட்டுவாங்கன்னு. வெய்யி.

மேகலா. அத்தைதான் பேசறேன். நீ ஒண்ணும் பேச வேண்டாம், கேளு. நான் சொன்னது பொய்யி சாமி. நானும் கத்துனேன். ஆமா. ஊர் பூராக் கேக்கறாப்புல கத்துனேன். துண்ட வெச்சு அடச்சாங்க, அப்பவும் கத்துனேன். ஊசின்னு ஒண்ணு அப்ப இருந்திருந்தா அந்த டாக்டரு கால்ல உழுந்து கேட்டிருப்பேன். கேக்குதா? பல்ல விட்டுட்டு, நர்சக் கூப்புட்டு ஊசி கேளு. நான் வர்ற வரைக்கும் இருக்காத. இப்பவே கேளு. பஸ்ஸுல எல்லாரும் என்னத்தான் பாக்கறாங்க, பாக்கட்டும்.

ஒண்ணும் சத்தம் வரலியே அம்மிணி. கட்டாயிருச்சா? பாருங்க, இதுல நம்பர் ஓடுதா? ஓடுதுங்களா. அப்ப இருக்கறா.

மேகலா?

...

அவதானுங்க. கத்தறது அவதான். இத்தன வருசத்துல இந்தக் கொரல நான் கேட்டதே இல்ல. டேய் மோகன்ராஜ், நீ ஏண்டா குறுக்க பேசற. என்ன ஏதோ சொல்லிட்டாளா, சொல்லட்டும் விடு. பழனாத்தான்னு என்ற பேரச் சொல்லித்தான் கூப்புடறா, எனக்குக் காது கேக்குது. போன எடுக்காத. அங்கயே வெய்யி. நர்ச வரச் சொல்லிட்டு வந்து அங்கயே நில்லு.

இல்லீங்க, நான் அழுகல. நீங்க ஜன்னலப் பாத்துக்கங்க அம்மிணி. எறங்கற எடம் வந்துட்டா பையத் தாண்டிக் காலு வெச்சு எறங்கிக்கங்க, நான் எந்திரிக்க முடியாது. அவ இன்னும் முடிக்கல.